ஐந்து சட்டமூலங்களும் ஒரு வினாவின் விடையும்: பாராளுமன்றப் பதிவைத் தேடிய ஒரு வன்னிக் கிராமத்தின் அனுபவம்

இந்த நிகழ்வு முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள ஒரு கமக்காரக் கிராமத்தில் நடந்தது. கிராமத்தின் பெயர், பாராளுமன்ற உறுப்பினரின் பெயர், அவருடைய கட்சி, எல்லைக்கல் நாட்டிய திணைக்களம் எதையும் எழுதவில்லை. ஆளை இனங்காட்டக்கூடிய திகதிகளையும் விட்டுவிட்டேன். நான் அங்குள்ள பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை. சனசமூக நிலையத்தில் குறிப்பெடுக்கும் பொறுப்பும் என்னுடையது. அந்தக் குறிப்புகளைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

பின்னணி

2008இன் பிற்பகுதியில் கிராமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. முகாம் வாழ்க்கை முடிந்து 2010இன் பின் சனங்கள் படிப்படியாகத் திரும்பியபோது மேட்டுக்காணிகளில் ஆள் உயரத்துக்கு மேல் பற்றை வளர்ந்திருந்தது. வெட்டித் துப்புரவாக்கிக் கச்சானும் உழுந்தும் போட்டார்கள். சில வருடங்களின் பின் ஒரு மத்திய அரசுத் திணைக்களம் வந்து எல்லைக்கல் நாட்டியது. கல்லுக்கு அப்பால் போன காணிகள் 17 குடும்பங்களுக்குரியவை. சிலரிடம் காணி அனுமதிப்பத்திரம் இருந்தது. சிலருடைய பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துபோனது. சிலரிடம் என்றுமே பத்திரம் இருந்ததில்லை. தகப்பன் வெட்டிய காடு என்பதுதான் அவர்களுடைய உரித்து.

இந்த நிலையில் தேர்தல் பற்றிய பேச்சு எழுந்தது. எங்கள் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் துண்டுப்பிரசுரம் வீடு வீடாக வந்தது. “பாராளுமன்றத்தில் ஐந்து சட்டமூலங்கள், நூற்றுக்கணக்கான உரைகள்” என்று அதில் இருந்தது. கோவில் வீதியில் நடந்த கூட்டத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம், அவர் ஒன்றும் செய்யவில்லை, வாய்தான் என்றது. மற்றப் பக்கம், எங்களுக்காகப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான் என்றது. இரண்டு பக்கத்திலும் எவரும் ஹன்சாட்டை, அதாவது பாராளுமன்ற உரைகளின் அதிகாரபூர்வப் பதிவை, திறந்து பார்த்திருக்கவில்லை. கற்பிக்கிற நானும் அதுவரை திறந்ததில்லை. பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று சனசமூக நிலையம் தீர்மானித்தது.

முதலில் செய்தவை

ஆறு பேர் சேர்ந்தோம். இரண்டு மாணவர்கள், மாதர் சங்கத்தின் செயலாளர், கமக்காரர் அமைப்பின் பொருளாளர், ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர், நான். தபால் அதிபர் முதல் மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. அது எங்களுக்கு எவ்வளவு இழப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

தொடக்கத்திலேயே ஒரு தவறு நடந்தது. மாணவர் ஒருவர் கிளிநொச்சிப் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் உரைகளையும் பட்டியலில் சேர்த்துவிட்டார். பேச்சு வழக்கில் கிளிநொச்சியும் வன்னிதான். தேர்தல் கணக்கில் அப்படியில்லை. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்கள். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அடங்குகிறது. 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் வன்னிக்கு ஆறு ஆசனங்கள். விகிதாசார முறையில் எங்கள் கிராமத்துக்கென்று தனி உறுப்பினர் கிடையாது. ஆறு பேரும் எங்களுக்குப் பொறுப்பு என்பதே இதன் பொருள். நடைமுறையில் ஆறு பேரும் மற்றவரைக் கைகாட்டலாம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. நாங்கள் துண்டுப்பிரசுரம் தந்தவரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் ஹன்சாட், ஒழுங்குப் பத்திரம் (சபையின் அலுவல் பட்டியல்), சட்டமூலங்கள் எல்லாம் கிடைக்கின்றன. மந்திரி.எல்கே தளம் ஹன்சாட்டை அடிப்படையாக வைத்து உறுப்பினர்களின் பங்களிப்பைத் துறைவாரியாகக் காட்டுகிறது. எந்தத் துறையில் அவர் அதிகம் பேசினார் என்று பார்க்க அது உதவியது. ஆனால் எங்கள் மேட்டுக்காணி எந்தப் புள்ளிவிபரத்திலும் தெரியாது. ஹன்சாட்டின் பக்கங்களைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. பாடசாலைக் கணினியில் தமிழ்ச் சொல்லைத் தட்டச்சிட்டுத் தேடியபோது சரியாக அகப்படவில்லை. மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஒருவர் பக்கத்தை நகர்த்த, ஒருவர் வாசிக்க, நான் சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதினேன். திகதி, பக்கம், பேச்சா வினாவா பிரேரணையா சட்டமூலமா, விடயம், கிடைத்த பதில் என ஐந்து நிரல்கள்.

முதல் இரண்டு வாரம் எண்ணிக்கையிலேயே போய்விட்டது. எத்தனை நாள் பேசினார், எத்தனை பக்கம் பேசினார் என்று கூட்டிக்கொண்டிருந்தோம். அந்தத் தொகைகளை வைத்து எவருக்கும் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஐந்து சட்டமூலங்கள்

ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தேடினோம். ஒன்று மட்டுமே உண்மையில் அவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம், அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் ஒருவர் கொண்டுவரும் சட்டமூலம். ஒரு சமூகசேவை நிறுவனத்தைச் சட்டப்படி கூட்டிணைப்பதற்கானது. இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறும் தனிநபர் சட்டமூலங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையே. அடுத்த இரண்டும் தனிநபர் பிரேரணைகள். நான்காவது, ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை. ஐந்தாவது அரசாங்கத்தின் சட்டமூலம். அவர் அதன் இரண்டாம் வாசிப்பு விவாதத்தில் உரையாற்றியிருந்தார்.

பிரேரணைக்கும் சட்டமூலத்துக்கும் உள்ள வேறுபாடு ஊரில் எவருக்கும் தெளிவாக இருக்கவில்லை. பத்திரிகைகள் “தனிநபர் பிரேரணை” என்ற சொல்லை இரண்டுக்கும் மாறிமாறிப் பயன்படுத்துவதும் இதற்கு ஒரு காரணம். பிரேரணை நிறைவேறினால் அது சபையின் கருத்து. “இன்னது செய்யப்பட வேண்டும் என இச்சபை கருதுகிறது” என்பதோடு நிற்கும். ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை, ஒரு விடயத்தைச் சபையில் பேசிப் பதில் கேட்பதற்கான வழி. சட்டமூலத்தின் பயணம் வேறு. வர்த்தமானியில் வெளியாகி, ஒழுங்குப் பத்திரத்தில் ஏறி, உயர் நீதிமன்றத்தில் எவரும் சவாலுக்கு உட்படுத்தக்கூடிய காலத்தைக் கடந்து, இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு முடிந்து, சபாநாயகர் சான்றுரை எழுதிய பின்னரே அது சட்டம். தனிநபர் சட்டமூலம் என்றால் சட்டமா அதிபரின் கருத்துக்கும் போக வேண்டும்.

இதை ஊர்க் கூட்டத்தில் விளக்கியதும் ஒருவர் எழுந்து, “அப்படியென்றால் ஐந்துக்கு ஒன்று, பொய்தானே, டீச்சர்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு நாங்கள் நின்றிருந்தால் இந்த ஆய்வு அநியாயமாக முடிந்திருக்கும். அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரையை அன்றிரவு மீண்டும் வாசித்தேன். அரச நிதியத்திலிருந்து பணம் செலவாகும் அல்லது வரி விதிக்கும் சட்டமூலத்தையோ பிரேரணையையோ அமைச்சர் ஒருவர் மட்டுமே, அதுவும் அமைச்சரவையின் அங்கீகாரத்தோடு, கொண்டுவரலாம். எதிர்க்கட்சியில் இருக்கும் வன்னி உறுப்பினர் ஒருவர் குளம் திருத்தவோ நட்டஈடு வழங்கவோ நிதி ஒதுக்கும் சட்டமூலத்தைக் கொண்டுவர வழியே இல்லை. சட்டமூலங்களை எண்ணி அவரை மதிப்பிடுவது, வாய்க்கால் வராத வயலில் எத்தனை மூட்டை விளைந்தது என்று கேட்பது போன்றது.

தோற்றுப்போன சட்டமூலமும் வீண் என்று சொல்லிவிட முடியாது. 2011இல் எதிர்க்கட்சியில் இருந்த கரு ஜயசூரிய தகவல் உரிமைக்கான சட்டமூலத்தைத் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்தபோது ஆளும் தரப்பு அதைத் தோற்கடித்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நிறைவேறியபோது சபாநாயகராக இருந்து சான்றுரை எழுதியவர் அவர்தான். அந்தச் சட்டம் பிறகு எங்களுக்கே பயன்பட்டது.

ஆகவே நிரல்களை மாற்றினோம். பேச்சின் எண்ணிக்கையை அடித்துவிட்டு, ஒரு விடயத்தை எடுத்து அது எங்கே தொடங்கி எங்கே போய் நின்றது என்று தொடர்வது என முடிவெடுத்தோம். எடுத்த விடயம் எல்லைக்கல்.

வினாவின் விடை

அந்த உறுப்பினர் எல்லைக்கல் பற்றி வாய்மூல விடைக்கான வினா ஒன்றை எழுப்பியிருந்தார். எங்கள் கிராமத்தின் பெயரும் அதில் இருந்தது. ஹன்சாட்டில் வினா மூன்று மொழியிலும் அச்சாகியிருந்தது. விடை வாசிக்கப்படவில்லை, அமைச்சர் அதைச் சபாபீடத்தில் சமர்ப்பித்திருந்தார். சமர்ப்பித்த விடை சிங்களத்தில் மட்டும் இருந்தது. ஹன்சாட் பேசிய மொழியிலேயே பதிவாகும் ஆவணம். தமிழில் பேசியது தமிழில், சிங்களத்தில் தந்தது சிங்களத்தில். எங்கள் ஆறு பேரில் அன்று வந்திருந்த ஐவருக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

மறுநாள் தபால் அதிபரின் வீட்டுக்குப் போட்டோக்கொப்பியோடு போனோம். அவர் அநுராதபுரத்திலும் குருநாகலிலும் நெடுங்காலம் வேலை செய்தவர். கண்ணாடியைத் துடைத்துவிட்டு முதலில் தனக்குள் வாசித்தார். கிராமத்தின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்றார். பிறகு தமிழில் சொல்லத் தொடங்கினார். நாட்டப்பட்ட கற்கள் தற்காலிக அடையாளம் மட்டுமே. இறுதி எல்லை, பிரதேச செயலாளரும் திணைக்களமும் சேர்ந்து களப் பரிசோதனை செய்த பின் தீர்மானிக்கப்படும். அதுவரை செல்லுபடியான அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் தொடர்ந்து பயிரிடத் தடையில்லை.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், 17 குடும்பங்களில் ஒருத்தி, கேட்டார்: “அந்தத் திகதியை இன்னொருமுறை சொல்லுங்கள், ஐயா.” அவர் சொன்னார். 14 மாதங்களுக்கு முந்திய திகதி. அம்மா விரல்களில் மாதங்களை எண்ணினார். “அந்த மாரிக்கு நான் கச்சான் போடவில்லை. அடுத்த போகமும் போடவில்லை. கல்லுக்கு அங்கால் கால் வைத்தால் வழக்கு என்று சொன்னார்கள்.” பிறகு சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்த பொலித்தீன் உறையை எடுத்து அனுமதிப்பத்திரத்தைக் காட்டினார். மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது. இலக்கம் மட்டும் தெரிந்தது. தபால் அதிபர் தாளை மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. பதில் வந்திருக்கிறது. பதில் எங்களுக்குச் சாதகமாகவும் இருந்திருக்கிறது. அது கொழும்பிலிருந்து எங்கள் வாசலுக்கு வந்து சேரவில்லை. இந்த ஆய்வில் நான் கண்ட மிகப் பெரிய விடயம் இதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, துண்டுப்பிரசுரத்தின் ஐந்து சட்டமூலக் கதையை உடனே பத்திரிகைக்குக் கொடுப்பது. மாணவர்கள் அதைத்தான் விரும்பினார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. மற்றது, கொப்பியோடு உறுப்பினரிடமே போவது. கமக்காரர் அமைப்பின் பொருளாளர் சொன்ன காரணம் எங்களைத் திருப்பியது: “பத்திரிகையில் வந்தால் அவருக்கு வெட்கம், எங்களுக்கு என்ன? விடையைக் கையில் வைத்திருக்கிறவர் அவர். அவரைக் கொண்டுதான் அதை நடைமுறைக்கு எடுக்க வேண்டும்.” முதலில் அவரிடம் போவது, மறுத்தால் பகிரங்கப்படுத்துவது என்று தீர்மானித்தோம்.

அதோடு சேர்த்து, களப் பரிசோதனை நடந்ததா என்று பிரதேச செயலகத்துக்குத் தகவலறியும் உரிமை விண்ணப்பம் ஒன்றும் கொடுத்தோம். சட்டப்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் “ஏன் செய்யவில்லை” என்று கேட்கவில்லை. எந்தத் திகதியில் நடந்தது, யார் பங்குபற்றினார்கள், அறிக்கையின் பிரதி என மூன்றை மட்டும் கேட்டோம். ஏன் என்று கேட்டால் விளக்கக் கடிதம் வரும். திகதியைக் கேட்டால் திகதிதான் வர வேண்டும்.

சந்திப்பு

உறுப்பினரின் கந்தோரில் அரை மணி நேரம் கிடைத்தது. தொடக்கம் நன்றாக இருக்கவில்லை. “எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு சட்டமூலம் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியுமா?” என்று சற்றுக் குரலை உயர்த்தினார். மாதர் சங்கச் செயலாளர் அமைதியாகச் சொன்னார்: “தெரியும், ஐயா. 152ஆம் உறுப்புரையைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம். சட்டமூலம் ஏன் இல்லை என்று கேட்க வரவில்லை. உங்களுக்குக் கிடைத்த இந்த விடைக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்கத்தான் வந்தோம்.” அதற்குப் பிறகு பேச்சின் தன்மையே மாறியது. அவர் பக்க எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். விடையின் பிரதி கந்தோருக்கு வந்ததாகவும் கோவையில் போடப்பட்டதாகவும் உறுப்பினரின் செயலாளர் சொன்னார். மொழிபெயர்க்கப்படவில்லை. சபையில் வாசிக்கப்படாததால், விடையைத் தொடர்ந்து அங்கேயே இடையீட்டு வினா எழுப்பும் வாய்ப்பும் போய்விட்டது. துண்டுப்பிரசுரத்தின் ஐந்து என்ற எண் தவறு என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அதை எழுதிய இளைஞர்களுக்குப் பிரேரணைக்கும் சட்டமூலத்துக்கும் வேறுபாடு தெரியாது என்றார். நான் அதை நம்பினேன். எங்கள் ஊருக்கும் ஒரு மாதம் முன்வரை தெரிந்திருக்கவில்லை.

விடயத்தை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எழுப்புவதாகவும், 17 குடும்பங்களின் மனுவைப் பாராளுமன்றப் பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்குச் சமர்ப்பிப்பதாகவும் உறுதியளித்தார். பொதுமனு உறுப்பினர் ஒருவரின் ஊடாகத்தான் போக முடியும். அதனால் இந்த உறுதி எங்களுக்கு முக்கியமானது. மனுவை எழுதுவதற்கு மட்டும் மூன்று இரவுகள் போயின.

பின்விளைவுகள்

தகவலறியும் உரிமை விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது: களப் பரிசோதனை நடைபெறவில்லை. அந்த ஒரு வரியையும் ஹன்சாட் பக்கத்தையும் அதன் தமிழாக்கத்தையும் ஒன்றாக இணைத்து ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு உறுப்பினரிடம் கொடுத்தோம். அவர் கூட்டத்தில் மூன்றையும் வாசித்தார். அமைச்சரின் எழுத்துமூல விடை என்பதால் அதிகாரிகளால் தட்டிக்கழிக்க முடியவில்லை.

பரிசோதனை இரண்டு நாள் நடந்தது. பத்திரம் தொலைத்தவர்களுடைய பெயர்கள் பிரதேச செயலகத்தின் பழைய பேரேட்டில் தேடப்பட்டன. 17இல் 11 குடும்பங்களின் காணிகள் கல்லுக்கு இப்பால் வந்தன. வாசலில் நின்று திகதி கேட்ட அம்மாவின் இரண்டு ஏக்கரும் அதில் அடங்கும். பத்திரமும் பேரேட்டுப் பதிவும் இல்லாத ஆறு குடும்பங்களின் விடயம் தீரவில்லை. அவர்களில் ஒரு பெரியவர் பரிசோதனைக்கு முதல் மாதமே காலமாகிவிட்டார்.

பொதுமனு குழுவுக்குப் போனது. குழு அதை எடுப்பதற்கு முன் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. கலைப்போடு மனுவும் செத்துப்போனது.

நிரல்களை அப்படியே பெரிதாக எழுதி வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். கருத்து எதுவும் சேர்க்கவில்லை. சிலர் அதைப் பார்த்து உறுப்பினரைப் புகழ்ந்தார்கள், சிலர் திட்டினார்கள். இருவரும் ஒரே தாளைச் சுட்டிக்காட்டிப் பேசினார்கள். அடுத்த துண்டுப்பிரசுரத்தில் “ஒரு சட்டமூலம், இரண்டு பிரேரணைகள், ஒரு ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை” என்று இருந்தது. அதற்கு அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினோம்.

மீண்டும் செய்வதானால்

ஆறு உறுப்பினர்களையும் எடுத்திருக்க வேண்டும். ஒருவரை மட்டும் தேடியதால், துண்டுப்பிரசுரம் அடித்தவருக்குச் சோதனை, அடிக்காமல் இருந்தவர்களுக்கு நிம்மதி என்று ஆகிவிட்டது. மற்ற ஐவரில் எவராவது இதே எல்லைக்கல்லைப் பற்றிக் கேட்டிருந்தாரா என்பதை நாங்கள் பார்க்கவே இல்லை. இது எங்கள் பெரிய குறை.

சிங்களம் வாசிக்கத் தெரிந்தவரை முதல் நாளே அழைத்திருக்க வேண்டும். எண்ணிக்கையில் கழிந்த இரண்டு வாரம் ஒரு விதைப்புக் காலத்தின் விளிம்பில் கழிந்தது. அந்த அம்மாவுக்கு அது பெரிய காலம்.

வாய்மூல வினாக்களோடு நின்றுவிட்டோம். குழுக்களில் நடப்பதைப் பார்க்கவில்லை. சபையில் அதிகம் பேசாத ஒருவர் குழுவில் நன்றாக வேலை செய்திருக்கலாம். எங்கள் கொப்பியில் அவருக்கு இடமே இருந்திருக்காது.

புதிய பாராளுமன்றத்துக்கு இரண்டாவது சி.ஆர். கொப்பி திறந்திருக்கிறோம். இந்த முறை ஆறு பெயர்கள், ஒவ்வொருவருக்கும் 20 பக்கம். நிரல்களில் ஒன்று கூடியிருக்கிறது: விடை எந்த மொழியில் வந்தது, அதை ஊரில் வாசித்துக் காட்டிய திகதி என்ன. அமர்வு நடந்த வாரத்தின் ஞாயிறு மாலை தபால் அதிபர் வாசிகசாலைக்கு வருகிறார். மீதி ஆறு குடும்பங்களின் மனுவைப் புதிதாக எழுதி, இம்முறை இரண்டு உறுப்பினர்களிடம் கொடுத்திருக்கிறோம். ஒருவர் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் இட்டுத் தந்திருக்கிறார். மற்றவருடைய பக்கத்தில் கையொப்பத்துக்கான இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.